650 கிலோமீட்டர், 200 மூக்குக்கண்ணாடி: சைக்கிள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

இந்த இதழில் சிலபஸில் இல்லாத ஒரு பாடம். ஆனால் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் இதில் வரும், அரியர் இருக்கிறவங்களுக்கும் புரியும். பயப்படாம படிங்க.

விஷயம் இதுதான். பொங்கல் லீவு முடிந்ததும் எங்கள் ஃபைனல் இயர் பசங்க ஆறு பேர் (மூன்று பெண்கள், மூன்று ஆண்கள்) ஆரணியிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போகிறோம். சுமார் 650 கிலோமீட்டர், ஏழு நாள். அதை வைத்து நிதி திரட்டி, ஆரணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டு நெய்கிற 200 பேருக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் ஏற்பாடு செய்வது திட்டம். இதைக் கேள்விப்பட்ட ஜூனியர்ஸ் நிறைய பேர் "அண்ணா, நாங்களும் அடுத்த வருஷம் பண்ணணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டீங்க. அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஏன் கண்ணாடி என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப் போய், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க முடியாமல் போகும். ஊரில் வெள்ளெழுத்து என்று சொல்வது இதைத்தான். பேப்பர் படிப்பவருக்கு இது தொல்லை, அவ்ளோதான். தறியில் உட்காருகிறவருக்கு அப்படி இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால், ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் அதைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். பட்டு இழை எவ்வளவு மெல்லிசு என்று ஆரணிக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண் மங்கினால் வேலை மெதுவாகும், சேலை முடியும் நாள் தள்ளிப் போகும், கூலியும் தள்ளிப் போகும். கை நல்லாத்தான் இருக்கும், அனுபவமும் இருக்கும், ஆனால் ஆள் தறியை விட்டு இறங்கிவிடுவார்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கவே இவ்வளவு வித்தியாசம் என்றால், ஜரிகை கோர்ப்பதற்கு எவ்வளவு என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

"சும்மா காசு கொடுத்துடலாமே, எதுக்கு சைக்கிள்?"

நியாயமான கேள்வி. எங்க வீட்டில் இதைத்தான் முதலில் கேட்டாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கண்ணாடிக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 பேருக்கு 60,000 ரூபாய். ஆறு பேர், ஏழு நாள், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடும் தங்கலும் 600 ரூபாய் என்றால் மொத்தம் 25,200 ரூபாய். இந்தச் செலவைத் திரட்டிய நிதியிலிருந்து எடுத்தால், 84 பேருடைய கண்ணாடியை நாம் பரோட்டாவாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று அர்த்தம். அதனால் முதல் விதி: பயணச் செலவு பயணிக்கிறவர் பாக்கெட்டிலிருந்து. முடியாதவர்களுக்கு நண்பர்கள் தனியாக உதவலாம், ஆனால் அந்தப் பணம் வேறு, இந்தப் பணம் வேறு.

இது நாங்கள் கண்டுபிடித்த விதி இல்லை. அமெரிக்காவில் பான் மாஸ் சேலஞ்ச் என்று ஒரு சைக்கிள் பயணம் இருக்கிறது. 1980-இல் 36 பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள், அந்த வருஷம் 10,200 டாலர் திரட்டினார்கள். இன்று அது உலகத்தின் மிகப் பெரிய நிதி திரட்டும் சைக்கிள் பயணங்களில் ஒன்று. ஓட்டுகிறவர்கள் திரட்டும் பணம் முழுவதும் டானா ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவுக்கு நுழைவுக் கட்டணமும் ஸ்பான்சரும் தனி.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இலங்கையில் இருக்கிறது. அது சைக்கிள் இல்லை, நடை. 2011 ஜூலையில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர், 27 நாள் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வடக்கில் இருக்கிறவர்களுக்குத் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக அந்த நடை. 2016-இல் அதே பாதையில் தலைகீழாக, வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். அது காலி கராப்பிட்டியவில் இன்னொரு மருத்துவமனைக்காக. இதில் நாம கத்துக்க வேண்டியது, கிளம்புவதற்கு முன்பே பணம் எங்கே போகிறது என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது. "விழிப்புணர்வுக்காக" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினால் காசு கொடுக்கிறவருக்கு எதுவும் மனசில் நிற்காது. "இருநூறு நெசவாளருக்குக் கண்ணாடி" என்றால் டீக்கடையில் நிற்பவருக்கும் புரியும்.

அப்போ சைக்கிள் எதுக்கு? ஆறு பேர் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டால் கிடைப்பதைவிட, "இன்னிக்கு விராலிமலை வந்துட்டோம்" என்று தினமும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுக் கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும். மனுஷ மனசு அப்படித்தான். கேட்பதற்கு அது ஒரு காரணத்தைத் தருகிறது.

சரி, இப்போ பிசிக்ஸ்

சைக்கிள் ஓட்டும்போது மூன்று விஷயங்கள் உங்களைப் பின்னால் இழுக்கும்: டயர் உருளும் எதிர்ப்பு, காற்று, ஏற்றம். விசையை வேகத்தால் பெருக்கினால் தேவையான திறன் வந்துவிடும். ஓட்டுகிறவர் 65 கிலோ, சைக்கிள் 15, பை 5 என்று மொத்தம் 85 கிலோ எடுத்துக்கொள்வோம்.

சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் டயர் எதிர்ப்பு சுமார் 5 நியூட்டன் வரும், காற்று எதிர்ப்பு சுமார் 9 நியூட்டன். மொத்தம் 14-க்குக் கொஞ்சம் மேல். விநாடிக்கு 5.56 மீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 80 வாட். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான ஓர் ஆள் மணிக்கணக்கில் விடாமல் கொடுக்கக்கூடிய திறன் 75-இலிருந்து 100 வாட் வரைதான். அதாவது 20 கி.மீ. வேகம் என்பது நம்ம லிமிட்டுக்குள் இருக்கிறது.

இப்போ வேகத்தை 25 ஆக்குங்க. அஞ்சு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், திறன் 135 வாட்டுக்குப் போய்விடும். கால் பங்கு வேகம் கூட்ட, எழுபது சதவீதம் கூடுதல் உழைப்பு! முதல் நாள் காலையில் ஜோஷில் பறக்கிறவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

எதிர்க்காற்று இன்னும் மோசம். 20 கி.மீ. வேகத்திலேயே போங்க, எதிரில் மணிக்கு 10 கி.மீ. காற்று அடிக்கட்டும். மரத்து இலை லேசா ஆடுகிற அளவு காற்றுதான் அது. உங்களுக்குத் தேவைப்படும் திறன் 144 வாட். அதனால் எந்த மாதம் கிளம்புகிறோம் என்பது எந்த சைக்கிளில் கிளம்புகிறோம் என்பதைவிட முக்கியம். ஜனவரியில் தமிழ்நாட்டில் காற்று பொதுவாக வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிறவருக்கு அது முதுகுப் பக்கம். ஜூன், ஜூலையில் இதையே செய்தால் பணகுடி, காவல்கிணறு பக்கம் மேற்கிலிருந்து வரும் காற்று உங்களை ரோட்டின் குறுக்கே தள்ளும். முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. மே மாதம் பற்றிப் பேசவே வேண்டாம், அது அக்னி நட்சத்திரம்.

ஏற்றத்துக்கு ஒரு சுலபமான கணக்கு. 85 கிலோவை 500 மீட்டர் உயரம் தூக்க 417 கிலோ ஜூல் வேண்டும். சமதளத்தில் 29 கி.மீ. ஓட்டினால் செலவாகும் சக்தியும் ஏறக்குறைய அதேதான். ஆக, மேப்பில் 60 கி.மீ. என்று காட்டும் பாதையில் 500 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது 89 கி.மீ. என்று மனசுக்குள் எழுதிக்கொள்ளுங்க. எங்கள் பாதையில் பெரிய மலை எதுவும் இல்லை, பாலங்களும் மேம்பாலங்களும்தான். அடுத்த வருஷம் ஏலகிரி, ஏற்காடு என்று யாராவது திட்டம் போட்டால் இந்த வரியைத் திரும்பப் படிங்க.

எந்த சைக்கிள்?

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் இருக்கும். அதிலேயே போக முடியுமா? முடியும். ஆனால் கியர் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. உங்கள் சைக்கிளில் முன் சக்கரப் பல்லையும் பின் ஃப்ரீவீல் பல்லையும் எண்ணுங்க. 44-ம் 18-ம் என்று வந்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின் வீல் 2.44 சுற்று சுற்றும். டயர் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு மிதிக்கு 5.1 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 18.5 கி.மீ. அருமையான வேகம், சமதளத்துக்குக் கியர் தேவையே இல்லை.

நூற்றுக்கு ஐந்து ஏற்றம் வந்தால் கதை மாறும். அதே 60 மிதியில் ஏற 280 வாட் வேண்டும், நம்மால் முடியாது. வேகத்தை 8 கி.மீ.க்குக் குறைத்தால் 107 வாட் போதும், ஆனால் அப்போது நிமிஷத்துக்கு 26 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் கதறும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானம் இல்லை, புத்திசாலித்தனம். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 28 போட்டால் அதே 60 மிதியில் 7.5 கி.மீ. வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

விலை அதிகமான சைக்கிள் வாங்க வேண்டும் என்று யாரும் கடன் வாங்காதீங்க. வாங்குவதாக இருந்தால் டயர் அளவைப் பாருங்க. 26 இஞ்ச் ட்யூப் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 700சி ட்யூப் பெரிய ஊர்களில்தான், அதனால் ஆளுக்கு இரண்டு கையில் வேண்டும். வால்வ் விஷயமும் இருக்கிறது. சாதா சைக்கிளின் வால்வுக்கு எந்தப் பஞ்சர் கடை பம்பும் பொருந்தும். பைக் டயர் மாதிரி தடித்த வால்வ் என்றால் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வ் என்றால் ஒரு சின்ன அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்க, இல்லையென்றால் காற்று நிறைந்த ஊரில் காற்று இல்லாமல் நிற்பீங்க.

காற்று குறைந்த டயர் கண்ணுக்குத் தெரியாத திருடன். டயர் எதிர்ப்பு 5 நியூட்டனிலிருந்து 8-க்கு ஏறினால் 20 கி.மீ. வேகத்தில் சுமார் 17 வாட் கூடுதல் செலவு. எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். தினமும் காலையில் பாருங்க.

செயினுக்கு இன்ஜினியரிங் டிராயிங் ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்து 12 இஞ்சைத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. எட்டில் ஒரு பங்கு என்றால் ஏற்கெனவே லேட், பல்லையும் தின்ன ஆரம்பித்திருக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்க. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை ஈரம் பட்டால் பிரேக் பிடிக்க நிறைய தூரம் எடுக்கும், அதை ஞாபகம் வைத்து முன்கூட்டியே பிடிக்கணும்.

பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் டீமில் இருக்கக்கூடாது. இது எங்கள் கண்டிப்பான விதி. டயர் கழற்றும் லீவர், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு, இவ்வளவுதான் சாமான். ஒரு பஞ்சர் கடை அண்ணன்கிட்ட அரை நாள் போய் உட்காருங்க, சந்தோஷமா சொல்லிக் கொடுப்பாங்க. பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள்ளைத் தேடணும். ஆரணியைச் சுற்றி ரோடோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். அதை எடுக்காமல் மாட்டினால் நூறு மீட்டரில் மறுபடியும் அதே வேலை.

சீட் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைங்க. பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் சரியான மடக்கு வரும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். பெரும்பாலும் இது சரியாக இருக்கும். இன்று ஊரில் பாதிப் பேர் சீட்டை ரொம்ப இறக்கி வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

உடம்பைப் பழக்குவது

பத்து வாரம் வேணும். செமஸ்டர் எக்ஸாம் நடுவில் வரும், அதனால் பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்க. முதல் வாரம் 15, 20 கி.மீ. என்று நாலு நாள். பிறகு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். நாலு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் குறைத்து ஓய்வு கொடுங்க. மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும். அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

ஆரணியில் இருப்பது ஒரு வசதி, எல்லாப் பக்கமும் ரோடு இருக்கு. ஆற்காடு போய் வருவது ஒரு காலை வேலை. வேலூர் சுமார் 40 கி.மீ., போய் வந்தால் 80. திருவண்ணாமலை 60 கி.மீ. சனிக்கிழமை போய்த் தங்கி, ஞாயிறு திரும்பி வருவதுதான் எங்கள் முக்கியமான பயிற்சி. ஏன் தெரியுமா? ஒரே நாளில் 100 கி.மீ. போவது பெரிய விஷயம் இல்லை, அடுத்த நாள் காலையில் மறுபடியும் அந்த சீட்டில் உட்காருவதுதான் விஷயம். அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டிப் பார்க்காமல் ஏழு நாள் பயணம் கிளம்பாதீங்க. மலை வேண்டும் என்கிறவர்களுக்குப் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ரோடு காத்திருக்கிறது.

தயாராகிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? பிரெவே என்று ஒரு நீண்ட தூர சைக்கிள் முறை இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துகிறார்கள். அதில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி நேரம் கொடுப்பார்கள். யாரோடும் போட்டி இல்லை, நேரத்துக்குள் முடித்தால் போதும். 200-ஐ 13.5-ஆல் வகுத்தால் மணிக்கு 14.8 கி.மீ. வருகிறது. டீ, பஞ்சர், பாத்ரூம் எல்லாம் சேர்த்த சராசரி இது. அதனால் நீங்களும் திட்டம் போடும்போது 15-க்கு மேல் சராசரி போடாதீங்க. 90 கி.மீ.க்கு ஆறு மணி நேரம். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குள் சேர்ந்துவிடலாம், மதிய வெயிலும் வேண்டாம், இருட்டும் வேண்டாம்.

எங்கள் திட்டம்: சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக முதல் நாள் விழுப்புரம். பிறகு பெரம்பலூர், விராலிமலை, மதுரை, கோவில்பட்டி, நாங்குநேரி, ஏழாம் நாள் கன்னியாகுமரி. எந்த நாளும் 110-ஐத் தாண்டாது, கடைசி நாள் வேண்டுமென்றே சின்னது. மதுரையில் சாயங்காலம் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கப் போகிறோம். 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. கண்ணாடிக்காகப் போகிற பயணத்தில் அந்த வாசலைத் தாண்டிப் போவது நல்லா இருக்காது.

சாப்பாடு

100 கி.மீ.க்கு மேலே சொன்ன 80 வாட் கணக்கில் சுமார் 1,400 கிலோ ஜூல் வேலை. உடம்பின் திறமை நாலில் ஒரு பங்குதான், அதனால் செலவாவது ஏறக்குறைய 1,400 கிலோ கலோரி. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது. ஓர் இட்லிக்கு 50, 60 என்று வைத்தால் கூடுதலாக இருபத்தைந்து இட்லி! ஒரே நேரத்தில் சாப்பிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கடலை மிட்டாய், வாழைப்பழம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கணும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் லேட்.

தண்ணீருக்கு ஒரு சோதனை. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் சேர்த்துக்கொள்ளணும். உங்கள் தேவை அதுதான். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கு. அதைவிட நம்ம ஊர் கேழ்வரகுக் கூழும் உப்புப் போட்ட மோரும் எனக்குப் பிடிக்கும். விலையும் கம்மி.

ரோடு

இதில் விளையாட்டு இல்லை. சாயங்காலம் ஆறுக்கு மேல் ஓட்டக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். ஜனவரி அறுவடைக் காலம். கரும்பு ஏற்றின டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும். நெல்லை ரோட்டில் காய வைத்து, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், இருட்டில் தெரியாது. நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், லாரி ஓரத்தில் நிற்கும். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஜாக்கெட் மூன்றும் இல்லாமல் கிளம்ப அனுமதி இல்லை. வரிசையாகத்தான் போகணும், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு இல்லை. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு இலேசு. அதனால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆள் மாறுங்க. லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் ஐடியா இருந்தால் அதை ரூமிலேயே விட்டுட்டு வாங்க. 108 எல்லோருக்கும் தெரியும். நிற்கிற இடத்தைச் சொல்ல கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வைக்கும் பழக்கம் வேணும்.

பாத்ரூம் பற்றிப் பெண்கள் கேட்பாங்க, ஆண்கள் கேட்க மாட்டாங்க, அதனால் எழுதுகிறேன். பெட்ரோல் பங்க்குகள் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பாதையில் இருக்கும் பங்க்குகளை மேப்பில் குறித்து வைத்திருக்கிறோம். "பொண்ணுங்க அவ்வளவு தூரமா?" என்று இன்னும் கேட்கிற உறவினர்களுக்கு: 1991-இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் மூலம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது, மாமா.

பணம்

இதில் தப்பு நடந்தால் அடுத்த பேட்ச் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அதனால் யாருடைய சொந்த ஜிபே நம்பருக்கும் ஒரு ரூபாய் கூட வாங்க வேண்டாம். முகாம் நடத்தும் மருத்துவமனை அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண்ணையும் க்யூ.ஆர். கோடையும் மட்டும் போஸ்டரில் போடுங்க. கொடுக்கிறவருக்கு ரசீது நேராக அங்கிருந்தே வரும். 80ஜி வரி விலக்கு வேண்டும் என்கிறவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வழியில் யாராவது அன்போடு கையில் நூறு ரூபாய் திணித்தால்? அவர் முன்னாலேயே நோட்டில் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, அன்று இரவே கணக்கில் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுப்போம்.

கண்ணாடி கொடுப்பதும் "ரீடிங் கிளாஸ் 200 டஜன் வாங்கி அள்ளிவிடுவது" இல்லை. ஒவ்வொருவருக்கும் பவர் வேறு. கண்ணுக்கும் தறிக்கும் உள்ள தூரமும் புத்தகம் படிக்கும் தூரமும் ஒன்றில்லை. பரிசோதகர் அதைக் கேட்டுத்தான் பவர் போடணும். அதனால் முகாமுக்கு முன்பே ஒரு தறி வீட்டுக்குப் போய் டேப்பால் அந்தத் தூரத்தை அளந்து கொடுக்கும் வேலையை எங்கள் டீம் எடுத்திருக்கிறது. கேடராக்ட், சர்க்கரையால் வரும் பிரச்சினை யாருக்காவது தெரிந்தால் அதற்கான அடுத்த மருத்துவமனைத் தேதியும் அன்றே எழுதிக் கொடுக்கப்படும்.

பெற்றோர் சம்மதக் கடிதம், ஹெச்.ஓ.டி. கையெழுத்து இரண்டும் இருக்கு. திரும்பி வருவது ரயிலில். டிக்கெட் எடுத்துவிட்டு, பார்சல் ஆபீஸில் சைக்கிளை லக்கேஜாக புக் பண்ணலாம். பெயர், ரயில் எண், இறங்கும் ஸ்டேஷன் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்க.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் காலேஜ் கேட்டிலிருந்து ஆற்காடு வரை பயிற்சி ரைட் இருக்கு, யார் வேண்டுமானாலும் வரலாம். எந்த சைக்கிளாக இருந்தாலும் சரி. ஹெல்மெட்டும் தண்ணி பாட்டிலும் கொண்டு வாங்க, காற்று முன்னாடி ராத்திரியே பார்த்துடுங்க. முகாமில் பெயர் எழுத, பெரியவர்களைக் கைப்பிடித்து வரிசையில் உட்கார வைக்க, ஓட்டத் தெரியாத பத்துப் பேரும் வேணும்.